மாமாவுக்கு அக்கி எழுதினேன்

கையில் ஒரு கோழி இறகு. கிண்ணத்தில் குழைத்த காவி. எதிரே, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார் என் மாமனார். அவர் முதுகில் அன்று காலை நான் ஒரு சிங்கம் வரைய வேண்டும்.

"வாய நல்லா தொறந்துகினு இருக்கறாப்பல போடும்மா. வாய மூடிக்கினு கீற சிங்கத்தப் பாத்து எந்த அக்கி பயப்புடும்?" என்றார் மாமா.

போன வாரம் கம்பெனி வண்டியில் கச்சிபௌலி போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "உங்கள் மாமனாரைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே" என்று குறைபட்டுக்கொண்டார். இந்த வாரம் முழுக்க அவர்தான், வாசகி அம்மா. அவருடைய முதுகுதான் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் கண்ணாடிக் கட்டடங்கள் மழைக்காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் அங்கே ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருந்தேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். என் சுபாவத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது என்று என் கணவர் முரளி சொல்வார். அவர் அப்போது ஆறு மாத வேலையாக அமெரிக்கா போயிருந்தார். நான் திருமுல்கேரியில் மாமா, அத்தையோடு இருந்தேன். வயிற்றில் நாலாம் மாதம்.

அன்று ஆபீசுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு வீட்டில் சிங்கம் வரைந்துகொண்டிருந்தேன்.

பானைக்காரர் கேட்ட கேள்வி

மாமாவுக்கு முதலில் வந்தது வலி மட்டும்தான். இடது பக்கம், தோள்பட்டைக்குக் கீழே, நெருப்புப் பட்ட மாதிரி எரிகிறது என்றார். பார்த்தால் தோலில் ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டு ஆண்டி கொடுத்த கோங்குரா பச்சடியால் வந்த வாயு என்று அத்தை முடிவு கட்டினார். பாவம் அந்தப் பச்சடி, வீட்டில் எது நடந்தாலும் பழி அதன் மேல்தான் விழும்.

ஓரிரு நாளில் முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் சிவந்து, கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பியது. அங்கிருந்து அக்குளுக்குக் கீழே வளைந்து நெஞ்சுக்கு வந்தது. வலது பக்கம் ஒரு புள்ளி கிடையாது. அத்தை ஒரு பார்வையில் சொல்லிவிட்டார்.

"அக்கி. எழுதினா அடங்கிடும்."

அக்கிக்கு எழுதுவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அக்கி வந்த இடத்தில் குயவர் காவியைக் குழைத்துப் பூசுவார். சுற்றி வேலி மாதிரி ஒரு கோடு இழுப்பார். நடுவில் சிங்கம் வரைவார். சில ஊர்களில் வந்தவரின் பெயரையே எழுதுவார்களாம். மாமாவின் ஊர் ஆரணி. அங்கே சிங்கம்.

ஆரணியில் என்றால் குயவர் தெருவுக்கு நடந்து போய்விடலாம். திருமுல்கேரியில் எங்கே போவது? மாமா வலியோடு ஆட்டோ பிடித்து, சாலையோரம் பானை விற்கிறவரிடம் போனார். அந்த மனிதர் ராஜஸ்தானிலிருந்து வந்தவர். மாமா முப்பது வருட ஹைதராபாத் உருதுவில் எல்லாவற்றையும் விளக்கி, முதுகையும் காட்டியிருக்கிறார். கடைசியில் அவர், "அதெல்லாம் சரி சாப், பானை எத்தனை வேணும்?" என்று கேட்டாராம். திரும்பி வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்தால் வலிக்கும். வலித்தாலும் சிரித்தார்.

வீட்டில் கோலம் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அத்தை வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டி நிம்மதியாக இருந்த ஆள். எனவே இறகு என் கைக்கு வந்தது. ஆரணியிலிருந்து அத்தையின் அண்ணன் செல்போனில் வழி சொன்னார். "மொதல்ல வேலி போடு. அத தாண்டி அது போவக்கூடாது. அப்பறம் சிங்கம்."

இறகு கொப்புளத்தின் மேல் நிற்கவில்லை, வழுக்கியது. நான் இறகை வைத்துவிட்டு விரலால் பூசினேன். ஒரு கொப்புளம் உடைந்து விரல் நுனி ஈரமானது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வாலை வரைந்து முடித்தேன்.

கண்ணாடியில் பார்த்துவிட்டு மாமா கேட்டார்: "இன்னாம்மா, சிங்கம் கேட்டா நம்ம காலனி நாயப் போட்டு வச்சிகீற?"

தலையும் வாலும் சேர்ந்தால்

சிங்கத்துக்கு அக்கி பயப்படவில்லை. வலி ஏறியது. மாமாவால் முதுகில் பனியன் பட்டால்கூடப் பொறுக்க முடியவில்லை.

அதோடு இன்னொரு பயம் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு ஆண்டி வந்து பார்த்துவிட்டு இதற்குத் தெலுங்கில் சர்ப்பி என்று பெயர் சொன்னார். பாம்பு மாதிரி இடுப்பையோ மார்பையோ சுற்றிக்கொண்டு வரும். ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் வால். சுற்றி வந்து தலையும் வாலும் தொட்டுவிட்டால் ஆள் பிழைக்க மாட்டான். இதை அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் தெருமுனை வரை கேட்கும் குரல் அவருடையது.

ஆரணியிலும் இதேதான் சொல்வார்கள் என்றார் அத்தை. அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் அவர் முதல் வேலை மாமாவின் முதுகைப் பார்ப்பது. முதுகுத்தண்டுக்கும் கொப்புளத்துக்கும் நடுவே விரலை வைத்துப் பார்ப்பார். பிறகு முன்பக்கம் வந்து நெஞ்சில் விரல் வைத்துப் பார்ப்பார். அப்படியே சமையலறைக்குப் போவார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "போதும் அத்தை. டாக்டர்கிட்ட போலாம். சிங்கம் பாத்துக்கும்னு இன்னும் எத்தன நாளு உக்காந்திருக்கறது?"

"நக்கோம்மா, வேணாம். டாக்டருக்கு அக்கியப் பத்தி இன்னா தெரியும்?" என்றார் மாமா. நான் காது கொடுக்கவில்லை. வாசலில் ஆட்டோ நின்றது.

டாக்டர் என் வயிற்றைப் பார்த்தார்

டாக்டர் இளவயதுத் தெலுங்குப் பெண். வேகமாகப் பேசுவார், வேகமாக எழுதுவார். அவர் பேசியது தெலுங்கிலும் ஆங்கிலத்திலும். நான் தமிழில் தருகிறேன். மாமாவின் முதுகைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பஞ்சை நனைத்து என் சிங்கத்தை மெதுவாகத் துடைத்தார். அடியில் இருந்த கொப்புளங்கள் தெரிந்தன.

அத்தை முதலில் கேட்டது அந்தத் தலை வால் விஷயத்தைத்தான். டாக்டர் சிரிக்கவில்லை. மாமாவின் முதுகுத்தண்டின் மேல் தன் விரலை நேராக மேலிருந்து கீழே இழுத்தார்.

"இந்தக் கோட்டைத் தாண்டாதும்மா. தாண்டுவதற்கு வழியே கிடையாது. இது ஒரே ஒரு நரம்பின் வழியாக வந்திருக்கிறது. அந்த நரம்பு முதுகில் இங்கே தொடங்குகிறது, நெஞ்சில் இங்கே முடிகிறது. அந்தப் பக்கத்துக்கு வேறு நரம்பு."

நான் மாமாவின் முதுகைப் பார்த்தேன். இத்தனை நாளும் பார்த்த முதுகுதான். இப்போதுதான் கண்ணில் பட்டது, கொப்புளங்கள் அடுக்கி வைத்தாற்போல ஒரே பட்டையில் போயிருந்தன. தோலுக்கு அடியில் ஓடும் ஒரு நரம்பை யாரோ தோலின் மேல் கோடு போட்டுக் காட்டியது மாதிரி இருந்தது. மனித உடம்புக்குள் இப்படி ஒரு பாதை இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. புத்தகத்தில் படித்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். மாமாவின் முதுகு காட்டியது, நம்பினேன்.

"யார் இந்தச் சிங்கத்தை வரைந்தது?" என்று கேட்டார் டாக்டர்.

அது சிங்கம்தான் என்று கண்டுகொண்ட முதல் ஆள் அவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தான். இறகு சரிவரல, கையாலயே பூசினேன்," என்றேன்.

டாக்டர் என் வயிற்றைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குச் சின்ன வயதில் அம்மை வந்திருக்கிறதா?"

"இல்ல. எனக்கு வந்ததே இல்ல."

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"அக்கிக்கும் அம்மைக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று அத்தை குறுக்கே வந்தார். "அக்கி சூட்டுல வர்றது. அம்மை ஆத்தா வர்றது."

"இரண்டும் ஒன்றுதான்," என்றார் டாக்டர்.

ஆரணியில் ஏறியது

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. டாக்டர் பாதி சொன்னார். மீதியை மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில், சோதிக்க வேண்டிய புரோகிராமை ஓரமாகத் தள்ளிவிட்டு, தேடித் தேடிப் படித்தேன்.

மாமாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதில், ஆரணியில், அம்மை வந்திருக்கிறது. சின்னம்மை. வேப்பிலை மேல் படுத்துக் கிடந்தது அவருக்கு நினைவிருக்கிறது.

அது யாரோ ஒருவருடைய மூச்சில் வந்திருக்கும். மூக்கிலும் தொண்டையிலும் இறங்கி, அங்கே சத்தமில்லாமல் பெருகியிருக்கும். நம் ரத்தத்தில் காவலுக்கென்றே திரியும் அணுக்கள் இருக்கின்றன. திருடனைப் பிடிக்க வந்த அந்தக் காவல்காரனுக்குள்ளேயே இது புகுந்துகொள்கிறது. அவனுடைய வண்டியிலேயே ஏறி உடம்பு முழுவதும் போகிறது. இதெல்லாம் நடக்க இரண்டு வாரம் போல ஆகும். அதுவரை ஒரு தும்மல்கூட இருக்காது. மாமா அந்த நாட்களில் கோலி விளையாடிக்கொண்டு இருந்திருப்பார்.

அதற்குப் பிறகுதான் தோலுக்கு வருகிறது, கொப்புளம் போடுகிறது. நாம் நோய் வந்துவிட்டது என்று சொல்வது, அது தன் வேலையையெல்லாம் முடித்துவிட்டு வெளியே வந்து நிற்கும்போதுதான்.

கொப்புளம் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஆத்தா இறங்கிவிட்டாள் என்று ஊரே சொன்ன பிறகும் அது போகவில்லை. தோலில் வந்து முடியும் நரம்பின் நுனியைப் பிடித்து, உள்ளே ஏறி, முதுகெலும்பை ஒட்டிய முடிச்சுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே படுத்துவிட்டது. சாகவில்லை, பெருகவில்லை, ஒன்றுமே செய்யவில்லை.

மாமா படித்தார். ராணுவப் பட்டறையில் வேலை கிடைத்து ரயில் ஏறினார். உருது கற்றுக்கொண்டார். கல்யாணம் செய்துகொண்டார், என் கணவரைப் பெற்றார், வீடு கட்டினார், ஓய்வு பெற்றார், சர்க்கரை வியாதி வந்தது. அத்தனை காலமும் அது அந்த முடிச்சில் தூங்கியது. எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு போட்டோவிலும் மாமாவோடு அதுவும் நின்றிருக்கிறது.

வயதாகி, காவல் கொஞ்சம் தளர்ந்ததும் விழித்தது. எந்த நரம்பின் வழியே ஏறிப் போனதோ அதே வழியே இறங்கி வந்தது. வழி மறக்கவில்லை.

எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து போய் காபி மெஷினுக்கு முன்னால் நின்றேன். சுற்றிலும் ஆயிரம் பேர் தட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்கள் எதுவும் எனக்கு அந்த நிமிஷம் பெரிதாகத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஐம்பது வருடம் காத்திருந்து, வந்த வழியே திரும்பி வருகிறது. யார் அதற்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

அடுத்த நிமிஷமே விரல் நுனி நினைவுக்கு வந்தது. அந்த ஈரத்தில் அது இருந்தது. எனக்கு முன்பு அம்மை வந்ததில்லை என்றால், மாமாவிடமிருந்து அக்கி வராது. எனக்குப் புதிதாக அம்மைதான் வரும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வந்தால் தாயின் நுரையீரலைப் பிடிக்கலாம். அரிதாக, மிக அரிதாக, பிள்ளையின் கையையோ காலையோ கண்ணையோ தொடலாம். "அரிதாக" என்பதை டாக்டர் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவை சொன்னதால்தான் எனக்குப் பயம் வந்தது.

எங்க வாசல மிதிக்கல

அதற்கு முந்தின நாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடனே அருப்புக்கோட்டையில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, எனக்கு அம்மை வந்துருக்கா?"

"என்னத்தா இப்படி விளக்கு வைக்கிற நேரத்துல கேக்குற?"

"சொல்லும்மா. சின்னப் பிள்ளையில எனக்கு வந்துச்சா இல்லையா?"

"எங்க வாசல ஆத்தா மிதிச்சதே இல்ல. நீ ரெண்டாப்பு படிக்கையில தெருவே படுத்துக் கெடந்துச்சு. எதுத்த வீட்டுல நாலு பிள்ளைகளுக்கும். நம்ம வீட்டுல மட்டும் ஒரு கொப்புளம் கெடையாது. நான் அம்புட்டு சுத்தமா வச்சிருந்தேன்."

இதை என் அம்மா எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். கல்யாணப் பேச்சில்கூட, முகத்தில் ஒரு தழும்பு இல்லாத பெண் என்று சொன்னார். அவருக்கு அது மெடல். அன்று அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை. விஷயத்தைச் சொன்னதும், "உனக்கு வராது தாயி, நம்ம குடும்பத்துக்கே வராது," என்றார். அதுதான் ஆபத்தே என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார். எப்போதாவது அம்மை வந்திருந்தால், அதை எதிர்த்த அடையாளம் ரத்தத்தில் இருக்குமாம். அந்தச் சோதனை மும்பையில்தான். இன்னொரு பக்கம் ஒரு ஊசிக்கும் சொல்லி வைத்தார். அம்மை வந்து தேறியவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புச் சக்தி அது. எனக்காக முகம் தெரியாத யார் யாரோ எப்போதோ காய்ச்சலில் கிடந்திருக்கிறார்கள். ஆனால் அது ஹைதராபாத்தில் இருப்பில் இல்லை. கிடைத்தாலும் கொப்புளத்தைத் தொட்ட சில நாட்களுக்குள் போட வேண்டும்.

அதுவரை என்ன செய்வது என்று கேட்டேன்.

"காத்திருங்கள்," என்றார் டாக்டர்.

காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளே ஒன்று நடந்துகொண்டிருக்கலாம். நடக்காமலும் இருக்கலாம். வெளியே எந்த அறிகுறியும் இராது. நான் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிடும்போது அது தொண்டையில் பெருகிக்கொண்டிருக்கலாம். கம்பெனி வண்டியில் தூங்கும்போது காவல்காரன் வண்டியில் ஏறிக்கொண்டிருக்கலாம். கொசு கடித்தால் ஓடிப் போய்க் கண்ணாடி பார்ப்பேன். பிழை இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதே தொழிலாக வைத்திருந்தவள் நான். என் உடம்பில் அதைத் தேட எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம்

மாமா பின்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காற்றில் அவ்வளவாகப் பரவாது, கொப்புளத்தைத் தொடாமல் இருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமா கேட்கவில்லை. தனித் தட்டு, தனித் தம்ளர். டாக்டர் கொடுத்த மாத்திரையில் கொப்புளங்கள் வாடத் தொடங்கியிருந்தன. ஆனால் அவர் சிரிப்பது நின்றுவிட்டது.

அத்தை இன்னமும், "அக்கி வேற, அம்மை வேற, அந்தப் பொண்ணு டாக்டருக்கு அனுபவம் போதாது," என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். சொல்லிவிட்டு, என் தலையணைக்கு அடியில் வேப்பிலைக் கொத்தையும் வைத்தார்.

ஒரு சனிக்கிழமை காலை, தாங்காமல் பின்கட்டுக் கதவைத் தட்டினேன்.

"உள்ள வராதம்மா!"

"வரல மாமா. இங்கயே நிக்கறேன். சாப்பிட்டீங்களா?"

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "முரளி போன் பண்ணானா?"

"பண்ணாரு."

"அவன்கிட்ட இன்னா சொல்லுவேன் நானு? பேரப்புள்ளைக்கு தாத்தா இத்த குடுத்தான்னா சொல்றது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மாமா, நீங்களா குடுத்தீங்க? எட்டு வயசுல உங்களுக்கு யாரோ குடுத்தாங்க. அவங்களுக்கு யாரோ குடுத்தாங்க. யாரப் போய்ப் பிடிக்கறது? அழுதா வலி ஏறும், சும்மா இருங்க."

"நான் எங்க அழுதேன்?" என்றார். குரல் உடைந்திருந்தது.

கதவுக்கு இந்தப் பக்கம் நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவரும் கதவோரம் வந்து உட்கார்ந்தார் போலிருக்கிறது. மதியம் வரை அப்படியே இருந்தோம்.

ரத்தம் சொன்னது

டாக்டரே போன் செய்தார். நான் ஆபீசில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன்.

"உங்களுக்கு அம்மை வந்திருக்கிறது," என்றார்.

நான் கையைத் திருப்பிக் கொப்புளம் தேடினேன்.

"இப்போது இல்லை. எப்போதோ. சின்ன வயதில். ரத்தத்தில் நன்றாகத் தெரிகிறது. உங்களுக்கு ஆபத்து இல்லை. குழந்தைக்கும் இல்லை. ஊசி வேண்டாம்."

"டாக்டர், எங்க அம்மா ஒரு கொப்புளம்கூட வரலன்னு சத்தியம் பண்றாங்க."

"சிலருக்கு அப்படித்தான். இரண்டு மூன்று கொப்புளத்தோடு போய்விடும். வேர்க்குரு என்று நினைத்திருப்பார்கள். அம்மா மறந்தாலும் ரத்தம் மறக்காது."

பிறகு அவர் சொன்னதை நான் வராந்தாச் சுவரில் சாய்ந்தபடி கேட்டேன். அந்த எதிர்ப்பு எனக்குள் மட்டும் நிற்காதாம். மாதம் ஏற ஏறத் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகுமாம். பிறந்த பிறகும் சில மாதம் அதைக் காக்குமாம். எனக்கே தெரியாமல் நான் போட்ட ஒரு சண்டை. அதன் பலனை இன்னும் முகமே வராத ஒரு பிள்ளை அனுபவிக்கப் போகிறது. கீழே கச்சிபௌலி சாலையில் வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கு நினைவில்லை. மீட்டிங்குக்குத் திரும்பிப் போகவில்லை, அது மட்டும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பின்கட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். கதவு திறந்தது. தாடியோடு நின்றார் மாமா.

"குழந்தைக்கு?"

"ஒண்ணும் ஆகாது மாமா. கொஞ்சம்கூட ஆகாது."

"சச்?" என்றார். நிஜமாகவா என்று அர்த்தம். அவருக்கு மனம் நிறைந்துவிட்டால் உருதுதான் வரும்.

"ஹவ் மாமா," என்று நானும் உருதுவிலேயே ஆமாம் சொன்னேன். "சச்."

கதவைத் திரும்பச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் வாய்விட்டு அழுவது கேட்டது. அத்தை சமையலறையிலிருந்து ஓடி வந்து என் பக்கத்தில் நின்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதன் அழுது நான் கேட்டதில்லை என்றார். நாங்கள் இருவரும் கதவைத் திறக்காமல், அது ஓயும் வரை நின்றோம்.

சாயங்காலம் அருப்புக்கோட்டைக்குப் போன் போட்டேன். அம்மா விஷயத்தை நம்பவே இல்லை. "ரத்தத்த மாத்திட்டாங்க," என்றார். நான் இரண்டாம் முறை விளக்கினேன். மூன்றாம் முறை விளக்கினேன்.

"அப்ப ஆத்தா வந்துருக்கா," என்றார் மெல்ல.

"ஆமாம்மா. வந்துருக்கா."

"நம்ம வீட்டுக்குள்ள வந்து, எம்பிள்ள மேல இறங்கி இருந்துருக்கா. எனக்குத் தெரியலையே. ஒரு வேப்பங்கொத்து சொருகலையே. கூழு ஊத்தலையே. அந்த வாரம் பூரா நான் மீனு வறுத்துருப்பேனே, தாயி." மெடல் போன வருத்தம் அந்தக் குரலில் துளியும் இல்லை. வீடு தேடி வந்த பெரியவளை வா என்று கேட்காமல் விட்டுவிட்ட பதைப்பு மட்டும்தான் இருந்தது. "ஒண்ணுமே கேக்காம, ஒரு தழும்புகூட வைக்காம, வந்தது தெரியாமப் போயிட்டாளே."

"போகலம்மா."

"என்னது?"

"போகாதாம்மா. வந்தவங்க எல்லாருக்கும் அப்படித்தானாம். முதுகெலும்பு பக்கத்துல இன்னும் இருக்காளாம். எனக்குள்ளதான் இருக்கா, தூங்கிக்கிட்டு. அவ அன்னிக்கு வந்ததாலதான் இன்னிக்குப் பிள்ள தப்பிச்சிருக்கு," என்றேன் சந்தோஷத்தில், போனுக்குள் கத்தாத குறையாக.

போனில் அருப்புக்கோட்டைப் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அம்மா, தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறவர் மாதிரி, குரலை அடக்கிக்கொண்டு கேட்டார்:

"அப்ப எதுக்குடி இப்படிக் கத்துற? மெதுவாப் பேசு."